படையலுக்கு முன்னால் ஒரு கரண்டி

விளாங்குடியில் ஜெயபாண்டி வீடு எங்கே என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். 'உப்பில்லா மாஸ்டர்' வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடையில் நிற்கிற அத்தனை கையும் ஒரே தெருவைக் காட்டும். அந்தப் பெயர் வரக் காரணமானவன் யார் என்று ஊருக்கு வெகுநாள் தெரியாது. ஜெயபாண்டிக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்த அன்று அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டு, எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சீனியம்மாள், "என்ன, யாரும் செத்துப் போயிட்டாகளா" என்று கேட்டாள்.

ஆள் கறிச்சமையல்காரர். காதுகுத்து, சடங்கு, கல்யாணத்துக்கு மறுநாள் கறிவிருந்து என்று காளவாசலிலிருந்து செக்கானூரணி வரைக்கும் அவர் அண்டா ஏறாத மண்டபம் கிடையாது. அப்பாவும் இதே தொழில். சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்ததும் முதல் வாய் வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பேச மாட்டார்கள், அடுத்த வாய்க்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் ஜெயபாண்டி விடிய எழுந்து புகையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

மண்டபச் சமையல் வேறு, கோயில் சமையல் வேறு. செக்கானூரணிக்கு மேற்கே வயற்காட்டுக்கு நடுவில் அவர்கள் வகையறாவுக்கு ஒரு கருப்பசாமி கோயில் இருக்கிறது. அங்கே கிடா வெட்டினால் அடுப்பு ஜெயபாண்டி குடும்பத்துக்குத்தான் பாத்தியம், வேறு யாரும் விறகைக்கூடத் தள்ளிவிடக் கூடாது. சமைக்கிறவர் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும். சாமிக்குப் படையல் போடுகிறவரைக்கும் குழம்பை யாரும் வாயில் வைக்கக் கூடாது, உப்பு பார்ப்பதற்காகக்கூட. வைத்தால் எச்சில் பட்டதாகிவிடும். உப்பு, புளிப்பு, காரம் எல்லாம் கைக் கணக்குதான். கூடினாலும் குறைந்தாலும் பந்தியில் வாய் திறக்க மாட்டார்கள். குறைந்தால் இலை ஓரத்தில் இருக்கிற உப்பைத் தொட்டுக்கொள்வார்கள். சாமி இன்றைக்கு அப்படித்தான் கேட்டது என்பார்கள். அதோடு முடிந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாசிக் கும்பிட்டில் ஒரு நாள் உப்பு குறைந்துதான் போனது. அதை ஜெயபாண்டியே ஒத்துக்கொள்வார். முதல் பந்தியில் எல்லாக் கையும் இலை ஓரத்துக்குப் போனபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வழக்கம்போல எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள். ஒருவனைத் தவிர.

அவன் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவன். சாப்பிட்டு முடித்துக் கை காய்வதற்குள் செல்போனை எடுத்துவிட்டான். 'மதுரை சாப்பாட்டுச் சபை' என்று பேஸ்புக்கில் ஒரு குழு இருக்கிறது. லட்சக்கணக்கான ஆட்கள் உள்ளே கிடக்கிறார்கள். எந்தக் கடையில் பரோட்டா மெத்தென்று இருக்கும், எந்தக் கடையில் சால்னாவில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று பொழுது விடிந்து பொழுது போனால் அதே பேச்சு. அதில் 'விருந்தாளி' என்ற பெயரில் அவன் எழுதினான். "அம்புட்டுத் தூரம் வெயில்ல வந்து உக்காந்தா, உப்பில்லாத குழம்பு. மாஸ்டரைப் பாருங்க, கொரோனா போயி எம்புட்டு நாளாச்சு, இன்னும் மாஸ்க்கைக் கழட்டல. வாயைக் கட்டிட்டுச் சமைச்சா உப்பு எப்படித் தெரியும்?" கீழே ஜெயபாண்டியின் படம். வாயில் துணியோடு, கரண்டியைப் பிடித்துக்கொண்டு, திருடன் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் ஊர் சிரித்து முடித்துவிட்டது. அந்தப் படத்தை வெட்டி, ஒட்டி, தலைக்கு மேல் வசனம் போட்டு எவனெவனோ அனுப்பினான். 'உப்பில்லா மாஸ்டர்' என்று யாரோ ஒரு வேலையற்றவன் வைத்த பெயர் பச்சை குத்தின மாதிரி ஒட்டிக்கொண்டது. காளவாசல் சிவபாண்டி பால்ய சிநேகிதர். மகள் கல்யாணத்துக்குக் கறிவிருந்தை ஜெயபாண்டிதான் செய்வதாக ஆறு மாதமாகப் பேச்சு. அவர் போன் பண்ணினார்.

"மாப்ள, தப்பா நெனக்காத. மாப்பிள்ள வீட்டுக்காரங்க போன்ல என்னத்தையோ பாத்துட்டாங்களாம். வேற ஆளப் போடுங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாக. நான் என்னடா செய்ய."

"அதுக்கென்ன மாப்ள. நீ நல்லபடியா நடத்து. நான் சாப்பிட வாரேன்" என்றார் ஜெயபாண்டி.

போனார். வேறு ஆள் சமைத்த கறியை இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, சிநேகிதனின் மகளுக்குத் திருநீறு பூசிவிட்டு வந்தார். 

சிவபாண்டியைக்கூட மன்னித்துவிடலாம். வகையறாக்காரர்களைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. அந்தச் சபையில் அவர்களில் எத்தனையோ பேர் இருந்தார்கள். எங்கள் கோயிலில் உப்பு பார்க்கிற வழக்கம் கிடையாது, அது மாஸ்க் இல்லை என்று ஒரு வரி ஒருத்தன் எழுதவில்லை. பங்காளிப் பையன் ஒருவனைப் பிடித்துக் கேட்டபோது, "அண்ணே, அங்க போயி சாமி சமாச்சாரம் பேசுனா நம்மளையும் சேத்து ஓட்டுவாய்ங்க" என்று நெளிந்தான். ஜெயபாண்டியே போய் எழுதிப் பார்த்தார். 'நான்தான் அந்த மாஸ்டர்' என்று தொடங்கி, கட்டுப்பாட்டையெல்லாம் விளக்கமாகச் சொன்னார். பதிலுக்கு மூன்று பேர் விழுந்து சிரிக்கிற பொம்மையைப் போட்டார்கள். ஒருவன், 'மாஸ்டர், கமெண்ட்லயும் உப்பில்ல' என்றான். கொஞ்ச நேரத்தில் அது மற்ற கமெண்ட்டுகளுக்கு அடியில் புதைந்துபோனது, விருந்தாளி கண்ணில் படவே இல்லை.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கை பயந்துவிட்டது. மண்டபத்தில் சமைக்கும்போது ஒரு தடவைக்கு மூன்று தடவை உப்பு பார்த்தார். பார்த்துவிட்டுச் சீனியம்மாளிடம் நீட்டி, "நீ ஒருக்கப் பாரு" என்றார். முன்னெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்ட கை, உப்பு ஜாடிக்குள் போய் அங்கேயே நின்றது. அன்றைக்குக் குறைந்தது ஒரு நாள் தவறா, அல்லது கையே போய்விட்டதா? இந்தக் கேள்வி அவரை அரித்தது. அரிக்க அரிக்க, அந்த விருந்தாளியின் மேல் ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது. எவனாக இருந்தாலும் சரி, அவனை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்காமல் சாகக் கூடாது என்று கறுவிக்கொண்டார்.

சொந்தப் பெயரில் போனால் அங்கே மரியாதை இல்லை. ஆகவே 'அடுப்படி மீனா' என்று ஒரு பெயரில் புதிதாக உள்ளே நுழைந்தார். படத்துக்குப் பித்தளைப் பானையும் அதன் கழுத்தில் ஒரு முழம் மல்லிகையும். எழுத்தெழுத்தாகத் தட்டப் பொறுமையில்லை, போனைப் பார்த்து வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொண்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் உட்கார்ந்து, "அன்புள்ள சகோதரிகளே" என்று அவர் ஆரம்பிப்பதைக் கேட்ட சீனியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்த வயசுல இது என்ன கோலம். பொம்பளை பேர்ல என்னத்த ஒளறிக்கிட்டு இருக்க."

"மீன் பிடிக்கிறேன். சத்தம் போடாத."

தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த அந்தக் காலத்தில் ஜெயபாண்டி சபையை நன்றாக வேடிக்கை பார்த்தார். இம்புட்டுச் சனம் எதற்காக இங்கே வந்து கிடக்கிறது என்பதுதான் அவருக்கு முதலில் புரியவில்லை. சாப்பாடு சும்மா ஒரு சாக்கு. பெண்சாதி செத்துப்போன ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் தினமும் காலையில் தான் போட்ட காப்பியைப் படம் பிடித்துப் போடுவார். யாராவது 'வணக்கம் சார்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கே.கே. நகர் அம்மா ஒருத்தி ரசத்துக்குத் தக்காளி போடலாமா என்று வாரம் தவறாமல் கேட்பாள். அவளுக்குத் தெரியாமலா கேட்கிறாள்? வீட்டில் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பிரியாணிக்கு எந்த அரிசி என்பதில் இரண்டு பேர் வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். ஒருவன் இரண்டு நாள் வரவில்லை என்றால் மற்றவன் 'எங்க ஆளக் காணோம்' என்று தவித்துப் போகிறான். சண்டையைப் பார்க்கிறதுக்கென்றே ஒரு கூட்டம். மொத்தத்தில் எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான், தான் சொன்னதை நாலு பேர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஜெயபாண்டியும் அதற்கு விலக்கில்லை. மீனாவின் பெயரில் எலும்பு ரசத்துக்கு ஒரு பக்குவம் சொன்னார். நூற்றுக்கணக்கான பேர் 'அக்கா, கை மணம்' என்று எழுதினார்கள். அதை அவர் எத்தனை தடவை திரும்பத் திரும்பப் படித்தார் என்று சீனியம்மாளுக்குத்தான் தெரியும். உப்பில்லா மாஸ்டர் சொன்னால் சிரிக்கிற அதே சனம், மீனாக்கா சொன்னால் குறித்து வைத்துக்கொண்டது. அது அவருக்கு இனித்தது, அதே அளவுக்கு எரிந்தது.

விருந்தாளி எதை எழுதினாலும் மீனா முதல் ஆளாகப் போய்ப் பாராட்டினாள். 'தம்பி, உங்களை மாதிரி உள்ளதைச் சொல்ல ஆள் இல்லை' என்றாள். புகழ்ச்சிக்கு மயங்காதவன் அந்தச் சபையில் எதற்கு வருகிறான்? கொஞ்ச நாளில் தனிப்பேச்சுக்கு வந்துவிட்டான். அக்கா, அக்கா என்று கொட்டினான். அப்பா அரசு வேலையில் ஊர் ஊராக மாற்றலாகிக் கடைசியில் கே.கே. நகரில் வந்து நின்ற குடும்பம். அப்பா சாகிறபோது, குலதெய்வத்தை விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதன் பிறகுதான் முதல்முதலாக அந்தக் கோயிலுக்குப் போனானாம்.

"அன்னைக்கு நாலு பேரு என்னை 'நீ யாரு மகன்'னு கேட்டாங்கக்கா. ஒருத்தரும் பதிலக் கேக்க நிக்கல. கடைசிப் பந்தி வரைக்கும் தூணோட தூணா நின்னேன். எரிச்சல்ல அந்தக் குழம்பப் பத்தி எழுதிட்டேன். வீடு போய்ச் சேர்றதுக்குள்ள ஆயிரக்கணக்கான பேரு எங்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் என்னால நிறுத்த முடியல."

படித்தபோது ஜெயபாண்டிக்கு ஒரு நொடி பாவமாகத்தான் இருந்தது. ஒரு நொடிதான். உன்னிடம் நாலு பேர் பேசுவதற்கு என் பெயர்தான் கிடைத்ததா என்று மறுபடியும் பற்றிக்கொண்டது.

பிறகு தை மாதத்தில் ஒரு நாள் அந்தச் செய்தி வந்தது. சீனியம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நாள் அதுதான்.

"அக்கா, ஒரு சங்கடம். எம் பையனுக்கு மாசியில முடியிறக்கிக் காது குத்துறோம். எங்க கோயில்ல ஒரே குடும்பந்தான் சமைப்பாங்களாம். பூசாரி மொக்கையன் பெரியப்பா மாஸ்டர் பேரச் சொன்னாரு. விசாரிச்சா, நான் எழுதுனேனே, அதே ஆளு. அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு தெரியல. தப்பு பண்ணிட்டேனோன்னு ரொம்ப நாளாவே உறுத்துது. என்ன செய்யலாம், சொல்லுங்க."

பூசாரி மொக்கையன் இரண்டு நாளுக்கு முன்னால்தான் ஜெயபாண்டிக்குப் போன் பண்ணி, கே.கே. நகர் பாண்டியராஜன் வீட்டுக் கிடாவெட்டு என்று தேதி சொல்லியிருந்தார். ஆக, விருந்தாளி என்பவன் பாண்டியராஜன். சொந்தப் பங்காளி. ஜெயபாண்டி சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிதானமாகச் சொன்னார்.

"தம்பி, உங்க மனசு பெரிய மனசு. ஆனா எழுதித் திருத்துனா யாரும் நம்ப மாட்டாக. சபையில லைவ் போடுங்க. சட்டி அடுப்புல இருக்கும்போதே நீங்களே ஒரு கரண்டி எடுத்து வாயில வச்சு, உள்ளதச் சொல்லுங்க. எலைக்கு வந்தப்பறம் சொன்னா, பின்னாடி உப்பப் போட்டுச் சரி பண்ணிட்டாங்கன்னு பேசுவாக. மாஸ்டருக்கு முன்கூட்டிச் சொல்லாதீக. சந்தோசத்துல தெகச்சுப் போகட்டும்."

கும்பிடுகிற கைப் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

சீனியம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "படையலுக்கு முன்னாடியா?"

"ஆமா."

"சாமி குத்தமாயிரும்."

"எவன் வாயில வக்கிறானோ அவனுக்கு."

"அடுப்பு நம்ம அடுப்பு. அவனுக்குத் தெரியாது, ஒனக்குத் தெரியும். அந்தச் சின்னப் பிள்ளைக்கில்ல காது குத்துறாக."

ஜெயபாண்டி போனைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கோயிலில் அன்றைக்கு நல்ல கூட்டம். பாண்டியராஜனின் மனைவி திவ்யா, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை இடுப்பை விட்டு இறக்கவில்லை. கல்யாணமாகி வெகுகாலம் குழந்தையில்லாமல் இருந்து, கருப்புக்குக் கிடா வெட்டுகிறேன் என்று வேண்டிப் பெற்ற பிள்ளை. படையல் போட்டு, சாமிக்கு முன்னால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் பட்டு வேட்டியில் காலையிலிருந்தே தயாராக உட்கார்ந்திருந்தார்.

கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் ஜெயபாண்டி வாயைக் கட்டிக்கொண்டு அடுப்பில் நின்றார். வாழ்க்கையில் அப்படி அவர் சமைத்ததில்லை. சீனியம்மாளைக்கூட மசாலாப் பக்கம் விடவில்லை, மல்லியைத் தானே வறுத்தார், விறகைத் தானே தள்ளினார். பழி வாங்கப் போகிற இடத்தில் எதற்கு இத்தனை பக்குவம் என்று கேட்பீர்கள். அந்தப் பயல் கரண்டியை வாயில் வைக்கிறபோது லட்சம் பேர் பார்ப்பார்கள். அவன் வாயாலேயே சரி என்று வர வேண்டும், வந்த கையோடு அவன் மாட்டவும் வேண்டும். பெயரையும் பழியையும் ஒரே சட்டியில் வேகவைத்துவிடலாம் என்று அவர் ஆசைப்பட்டார். உப்பு ஜாடிக்குள் கை போனது. வழக்கம்போல நின்றது. பிறகு, வருவது வரட்டும் என்று அள்ளிப் போட்டார்.

எல்லாரும் கோயில் வாசலில் சாமியாடுகிறவரைச் சுற்றி நின்ற நேரத்தில் பாண்டியராஜன் கொட்டகைக்கு வந்தான். கையில் குச்சியில் மாட்டின போன். ஒல்லியான, கண்ணாடி போட்ட, முப்பத்தைந்து வயது ஆள். இவ்வளவு நாள் மனதில் வைத்துத் திட்டித் தீர்த்த முகம் இப்படிச் சாதுவாக இருக்கும் என்று ஜெயபாண்டி நினைத்திருக்கவில்லை.

"அண்ணே, வணக்கம்ணே" என்று குனிந்தான். பிறகு போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். "சபைக்கு வணக்கம். நான்தான் விருந்தாளி. இத்தனை நாள் மொகத்தக் காட்டாம எழுதுனேன், இன்னைக்குக் காட்டுறேன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இந்த அண்ணனப் பத்தி நான் எழுதுனது தப்பு. ஒரு நாள் சாப்பாட்ட வச்சு ஒரு மனுசன் தொழிலக் கெடுத்தது எம் மேல தப்பு. அதே கோயில், அதே அண்ணன். உங்க கண்ணு முன்னாடியே ருசி பாத்து, உள்ளத அப்படியே சொல்றேன்."

இரண்டு வருஷமாக எந்த வார்த்தைக்காக ஜெயபாண்டி வெந்துகொண்டிருந்தாரோ அந்த வார்த்தை அவர் முன்னால் வந்து நின்றது. கொட்டகையில் அவரும் சீனியம்மாளும் அவனும்தான். வேண்டாம் என்று ஒரு கையசைத்தால் போதும். கரண்டியைப் பிடித்துக்கொண்டால் போதும். சீனியம்மாள் அவரையே பார்த்தபடி தலையை இடமும் வலமும் ஆட்டினாள். பாண்டியராஜன் அண்டாவுக்குள் கரண்டியை விட்டுக் குழம்பை எடுத்தான், ஊதினான், வாயில் வைத்தான். கண்ணை மூடினான். மூடின கண் கொஞ்ச நேரம் திறக்கவில்லை. திறந்து, போனைப் பார்த்து, சொல்வதற்காக வாயைத் திறந்தான்.

மறுபடியும் உப்பில்லை என்று சொல்லிவிட்டால்? ஜெயபாண்டி வாய்த்துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினார். "எல்லாரும் ஓடியாங்க. படையல எச்சிப் பண்ணிட்டான்."

வாசலில் உறுமிமேளம் நின்றது. வகையறா மொத்தமும் கொட்டகைக்குள் வந்து விழுந்தது. பூசாரி மொக்கையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கரண்டியையும் பாண்டியராஜனின் உதட்டையும் பார்த்தார்.

"என்னடா செஞ்ச."

"உப்புதான் பாத்தேன் பெரியப்பா" என்றான் பாண்டியராஜன்.

அவ்வளவுதான் அவனைப் பேச விட்டார்கள். கருப்புக்கு முந்தி உனக்குப் பசியா என்று ஒருவர் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் போனைப் பிடுங்கினார், அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சபை பார்த்துக்கொண்டிருந்தது. அதை அங்கேயே அழிக்க வைத்தார்கள். மொக்கையன் தீர்ப்புச் சொன்னார். இன்றைக்கு வெட்டின கிடா கணக்கில் சேராது. காதுகுத்து கிடையாது. அடுத்த மாசிக்கு வேறு கிடா கொண்டுவந்து முதலிலிருந்து செய்ய வேண்டும். அதுவரைக்கும் அந்த வீட்டுக்குக் கோயில் திருநீறு இல்லை. பாண்டியராஜன் சட்டையைக் கழற்றிவிட்டு, அத்தனை பேர் காலடி மண்ணிலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கண்ணாடி கழன்று கிடந்தது. தூணோடு தூணாக நின்றபோது யாரும் பெயர் கேட்காத ஆளை அன்றைக்கு எல்லாரும் தெரிந்துகொண்டார்கள்.

ஜெயபாண்டிக்குத் தலையிலிருந்து கால் வரைக்கும் குளிர்ந்தது. பொய் சொல்வானேன், அப்படி ஒரு சுகத்தை அவர் அனுபவித்ததேயில்லை. அப்புறம் திவ்யாவைப் பார்த்தார். அவள் அழவில்லை. குழந்தையின் குத்தாத காதை ஒரு கையால் மூடிக்கொண்டு, அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டென்று குனிந்து விறகை இழுத்து அணைக்க ஆரம்பித்தார்.

எச்சில் பட்ட படையலை மனிதர்களும் சாப்பிடக் கூடாது, நாய்க்கும் போடக் கூடாது. அடுப்புக்காரன் கையாலேயே குழியில் கொட்டி மூட வேண்டும். பனைமரத்தடியில் குழி வெட்டினார்கள். ஜெயபாண்டி அண்டாவைச் சாய்த்தார். மண்ணில் விழுந்த குழம்பின் வாசனை எழுந்ததும், கோபமாக நின்ற கிழவர்கள்கூட எச்சில் விழுங்கினார்கள். சுண்டுவிரலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட அவருக்கு வெறி வந்தது. அத்தனை கண்ணும் அவர் கைமேல் இருந்தது. கொட்டி, மண்ணைத் தள்ளி மூடினார். கூட்டம் செக்கானூரணிக் கடையிலிருந்து வந்த எலுமிச்சைச் சாதத்தைத் தின்றுவிட்டுக் கலைந்தது.

அதன் பிறகு சபையில் நடந்ததுதான் கூத்து. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த பங்காளிகள் அத்தனை பேரும் இப்போது புலியாகக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் கோயில் வழக்கம் என்ன தெரியுமா, வாய்கட்டு என்ன தெரியுமா என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். யாரோ பழைய படத்தைத் தோண்டியெடுத்து, 'அப்ப இந்த மாஸ்டர் மேல தப்பே இல்லையே' என்று கேட்டார்கள். சிரித்தவர்கள் எல்லாரும் கண்ணீர்ப் பொம்மை போட்டார்கள். விருந்தாளிக்கு 'எச்சில் விருந்தாளி' என்று பெயர் வைத்தது அதே சபைதான். சிவபாண்டி போன் பண்ணி, "மாப்ள, பேரனுக்குப் பேரு வக்கிறோம், நீதான் வரணும்" என்றார். நினைத்தது நினைத்தபடி நடந்துவிட்டது. ஜெயபாண்டி கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

ஒரு நாள் சீனியம்மாள் அம்மியைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அன்னைக்குக் கொழம்பு எப்படி இருந்திருக்கும்?"

ஜெயபாண்டி பதில் சொல்ல வாயெடுத்தார். அவர் ருசி பார்க்கவில்லை, அவள் பார்க்கவில்லை, சாமியும் சாப்பிடவில்லை. சிவபாண்டி வீட்டுப் பேர்சூட்டலில் உப்பு ஜாடிக்குள் போன கை அங்கேயே நின்றது. நாலு தடவை பார்த்தார். ஊரெல்லாம் அவர்மேல் தப்பில்லை என்று சொன்னது, சரி. அவர் கை சரியாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல உலகத்தில் ஒருவனால்தான் முடியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தவனைக் கத்தி அடக்கியது அவர்தான்.

பல நாள் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. ஒரு மத்தியானம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மீனாவாகப் பாண்டியராஜனுக்குச் சொன்னார். "தம்பி, நடந்தது நடந்து போச்சு. மனச விட்டுறாதீக. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கொழம்புல உப்பு எப்படி இருந்துச்சு?"

அவன் படித்துவிட்டான் என்று போன் காட்டியது. பிறகு பதில் வந்தது.

"எல்லாரும் எம் பிள்ளை எப்படி இருக்கான்னு கேட்டாங்க. உப்பக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

ஜெயபாண்டி போனை இறுகப் பிடித்துக்கொண்டார். அடுத்த வரியும் வந்தது.

"அத மட்டும் நான் சாகுற வரைக்கும் சொல்ல மாட்டேன், ஜெயபாண்டி அண்ணே."

கெஞ்சியும் பார்த்தார், திட்டியும் பார்த்தார். எல்லாவற்றையும் அவன் படிக்கிறான், பதில் மட்டும் போடுவதில்லை. ஜெயபாண்டி இன்றைக்கும் அந்தச் சபைக்குள் போய்க்கொண்டிருப்பது அதைக் கேட்கத்தான்.